லாரி விழுங்கிய ஆட்டுக்குட்டி

கல்லுமேட்டு ஐந்தாம் வகுப்பு ஆர்த்தி ஒரு நாள் தமிழ்ப் பாடத்தை வாய்விட்டு வாசித்தாள். அதைக் கேட்டு அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன லாரிகள் அத்தனையும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. வரிசையின் தலை கல்லுமேட்டுப் பள்ளிக்கூட வாசலில் இருந்தது. வால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. சிமெண்ட் ஆலையின் புகைக்கூண்டுகூடப் புகையை நடுவில் நிறுத்திவிட்டு என்ன சங்கதி என்று எட்டிப் பார்த்தது. சிறுவாச்சூர்க் காளி கோவிலில் தேங்காய் உடைக்க ஓங்கியவர்கள் ஓங்கிய கையோடு நின்றார்கள்.

கல்லுமேட்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சத்தியம் செய்து சொல்வார்கள். நம்பாதவர் ஒரே ஒருவர்தான். சிங்காரவேலு. சொந்தமாக டிப்பர் லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். லாரி எதற்கு நிற்கும், எதற்கு நிற்காது என்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கிறவர். இதில் சங்கடம் என்னவென்றால், அந்த லாரிகளை நிறுத்தியது அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

மணிமொழி டீச்சர் கல்லுமேட்டு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவள். அவளுக்குக் கோபம் வந்தால் கரும்பலகை வெளுத்துப் போகும், சாக்பீஸ் கறுத்துப் போகும். ஆனால் அந்தக் கோபம் பிள்ளைகள் மேல் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிள்ளைகளுக்குக் குறுக்கே வருகிறவர்கள் மேல்தான் வரும். அந்த வருஷம் குறுக்கே வந்தவை லாரிகள்.

பள்ளிக்கூடச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் இடைவெளி. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும், ஓடு குதிக்கும், சுவரில் மாட்டிய உலகப்படத்தில் ஆப்பிரிக்கா கொஞ்சம் கீழே இறங்கும். அந்த நேரத்தில் டீச்சர் பேசினால் அவளுக்கே கேட்காது. ஆகவே வகுப்பில் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போது லாரி வந்தால், குரலை மட்டும் நிறுத்திவிடும். உதடு நிற்காது, விரலும் நிற்காது, வரி மேல் ஓடிக்கொண்டே இருக்கும். லாரி போனதும், விரல் எங்கே வந்து சேர்ந்திருக்கிறதோ அங்கேயிருந்து குரல் மறுபடி கிளம்பும். ஒன்றாம் வகுப்பிலிருந்து இப்படியே வளர்ந்த பிள்ளைகளுக்கு, வாசிப்பது என்றாலே இப்படித்தான் என்று ஆகிப்போனது.

மணிமொழிக்கும் பழகிப்போயிருந்தது. அரியலூரில் வாசிப்புப் போட்டி நடக்கும்வரை அதில் கோளாறு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

போட்டி நடந்தது ஒரு பெரிய மண்டபத்தில். மின்விசிறி சுற்றும் சத்தம்கூட இல்லை. ஆர்த்தி கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய பாடத்தை எடுத்து, மைக்குக்கு எட்டாததால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, கணீரென்று ஆரம்பித்து மூன்றாவது பத்திக்கு வந்தாள்.

“கிணற்றில் விழுந்த குட்டி நீரில்...”

அங்கே நின்றாள். உதடு மட்டும் ஆடியது. விரல் புத்தகத்தின் மேல் ஊர்ந்தது. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவர் ஓடிவந்து அதைத் தட்டினார். இன்னொருவர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். ஒரு லாரி கடக்கும் நேரம் கழித்து ஆர்த்தி அதே கணீர்க் குரலில் முடித்தாள்.

“...துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடியது.”

மண்டபம் சிரித்த சிரிப்பில் உடையார்பாளையத்து முந்திரிக்காட்டில் பழம் உதிர்ந்தது. அடுத்து வந்த அவள் வகுப்புப் பையன் இளவரசனும் அதே மாதிரி வாசித்தான். அவன் நிறுத்திய இடம் மட்டும் வேறு. நடுவராக உட்கார்ந்திருந்த கல்வி அதிகாரி தமிழழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னம்மா இது, ஊமைப் படம் காட்டறீங்க? ஏம்மா பொண்ணு, கெணத்துல வுழுந்த குட்டி எப்படி வெளிய வந்துச்சு?”

“துள்ளிக் குதிச்சு சார்.”

“கெணத்துலேருந்தா?”

“ஆமா சார். பாடத்துல அப்படித்தான் இருக்கு.”

மறுபடியும் சிரிப்பு. மணிமொழிக்கு அப்போதுதான் விளங்கியது, விளங்கியதும் உச்சந்தலை கொதித்தது. தமிழில் யார் என்பது முதலில் வரும், என்ன செய்தார் என்பது கடைசியில்தான் வரும். அந்தக் கடைசியை நாள் தவறாமல் லாரி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. எழுவாயை அவள் கொடுத்தாள், பயனிலையைச் சிமெண்ட் ஆலை அரைத்துவிட்டது. உதடும் விரலும் ஓடினவே தவிர, காதில் விழாத சொல் எதுவும் தலையில் ஏறவில்லை. பிள்ளைகளின் தலைக்குள் இருக்கும் பாடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. அந்தக் கிணற்றில் குட்டி தத்தளித்ததும், ஒரு பெண் கூடையை இறக்கியதும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தமிழழகன் எழுந்துவந்தார்.

“டீச்சர், இதுங்களுக்கு வாசிக்கத் தெரியல. மூணாம் வகுப்புப் புத்தகம் அனுப்பறேன், அதுலேருந்து ஆரம்பிங்க. வேணும்னா அடுத்த வாரம் நானே வந்து ஒரு தடவ கேட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் புத்தகக் கட்டு அப்படியே இருக்கட்டும், தேறலன்னா அவுத்துருவோம்.”

“சார், அதுங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரியும். லாரிச் சத்தம்தான்...”

“வாத்தியாருங்க எல்லாருக்கும் ஒரு லாரி இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆர்த்தி கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மிஸ், எங்க தம்பி மூணாவது படிக்கிறான். அவனும் நானும் ஒரே புத்தகமா?”

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள். விரலை வரியில் வைப்பாள். உதடு மட்டும் ஆடும். லாரி வந்தாலும் அப்படித்தான், வராவிட்டாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலேயே நன்றாக வாசிக்கிற குரல் அது.

மறுநாளே மூன்றாம் வகுப்புப் புத்தகக் கட்டு வந்துவிட்டது. சணல் கயிறு கட்டித் தலைமையாசிரியர் அறை மூலையில் கிடந்தது. தலைமையாசிரியர் குருமூர்த்தி யாரையும் எதிர்த்துப் பேசாதவர். தன் நிழல் குறுக்கே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவார்.

“அனுசரிச்சுப் போங்க டீச்சர். புத்தகம்தானே.”

“நீங்க அனுசரிச்சு அனுசரிச்சுத்தான் சார் லாரி நம்ம கிளாஸ் ரூமுக்குள்ள வந்து நிக்குது” என்றாள் மணிமொழி. குருமூர்த்தி அதற்கும் ஒதுங்கி வழிவிட்டார்.

அன்று மாலை வீட்டில் சிங்காரவேலுவிடம் போனாள்.

“என்னங்க, பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் தமிழ் பீரியடு. அந்த நேரத்துக்கு உங்க வண்டியப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வுடாதீங்க.”

“என் வண்டி நின்னா மத்தவன் வண்டி நிக்குமா? அது ரோடு மணி. லாரி போறதுக்குன்னே போட்டது.”

“பள்ளிக்கூடம் ரோடுக்கு முன்னாடியே இருக்கு.”

“அப்ப பள்ளிக்கூடத்தத் தள்ளி வச்சுக்கச் சொல்லு. கல்லு லாரி சாவு ஊர்வலத்துக்கே நிக்காது. புள்ளைங்க பாடம் படிக்குதுன்னா நிக்கும்? ஒரு லாரிய நீ நிறுத்திக் காட்டு, பாப்போம்.”

அன்றைய ரசத்தில் விழுந்த மிளகாயின் காரத்தில் சிங்காரவேலு மறுநாள் மதியம்வரை உதட்டை ஊதிக்கொண்டே டிரைவர்களிடம் பேசினார்.

அந்த வாரம் மணிமொழி பாடம் நடத்தாத இடமில்லை. ஜன்னல்களில் சாக்கு அடைத்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தாள். சமையல்காரர் முத்தாயி, “டீச்சர், குழம்புல சாக்பீஸ் தூளு வுழுது” என்று விரட்டினார். காலையில் லாரி கிளம்பும் முன்பே பிள்ளைகளை வரச்சொன்னாள். அப்போது கிடைத்த அமைதியில் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தாள்.

“தத்தளித்ததுன்னா என்னா?”

“தெரியல மிஸ்.”

“தெரிய வேணாம். அந்தச் சொல்லுக்கு முன்னாடி என்னா இருக்குன்னு பாரு.”

“கெணறு... தண்ணி...”

“பின்னாடி?”

“மே மேன்னு கத்துச்சுன்னு இருக்கு மிஸ்.”

“நீச்சல் தெரியாத ஒண்ணு தண்ணியில வுழுந்து கத்துது. அது என்னா செய்யும்?”

இளவரசன் எழுந்து கையையும் காலையும் நாலு பக்கமும் வீசி, கண்ணை உருட்டி, பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான்.

“அதான் தத்தளிக்கிறது. உக்காரு.”

மற்ற பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஆர்த்தியின் உதடு மட்டும் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. 

தமிழழகன் சொன்னபடி வந்தார். வந்தது சரியாகப் பத்து மணிக்கு. அந்த நேரத்தில் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். இளவரசனை வாசிக்கச் சொன்னார். பையன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். அதிகாரிக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

“சத்தமா வாசி.”

“சத்தமாத்தான் சார்...” மீதியை லாரி கொண்டுபோனது.

அதிகாரிக்குச் சலிப்பு வந்தது. புத்தகத்தை வாங்கி, “எல்லாரும் கேளுங்க, இப்படி வாசிக்கணும். கிணற்றில் விழுந்த குட்டி நீரில்...” என்றார். லாரி வந்தது. அதிகாரி நிறுத்தினார். வாய் திறந்தபடி நின்றது, கண் மட்டும் அடுத்த வரிக்குப் போனது.

“சாரும் ஊமைப் படம் காட்டறாருடா” என்றான் இளவரசன். லாரி போய்விட்டிருந்ததால் அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

தமிழழகன் முகம் செங்கல் சூளையானது. புத்தகத்தை மேசையில் போட்டார்.

“குருமூர்த்தி சார், அந்தக் கட்ட அவுருங்க.”

வாசலில் நின்றிருந்த குருமூர்த்தி போய்க் கட்டைத் தூக்கிவந்து, குனிந்து சணல் முடிச்சில் கை வைத்தார். மணிமொழி ஆர்த்தியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கட்டைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தம்பி உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவுக்காதீங்க சார்.”

அந்தக் குரலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் மாவட்டம் தாண்டிப் போயின. குருமூர்த்தியின் கை முடிச்சிலேயே ஒட்டிக்கொண்டது. மணிமொழி முதல் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினாள்.

“இளவரசா, அந்தப் பக்கம் புடி. மத்தவங்க புத்தகத்த எடுத்துக்கங்க. சாருக்கு இங்க ஒண்ணும் கேக்கலையாம். கேக்கற எடத்துக்குப் போவோம்.”

பிள்ளைகளைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, அவள் முதலில் தனியாக ரோட்டில் இறங்கினாள். குடையை விரித்து நடுரோட்டில் நின்றாள். வந்த முதல் லாரி பிரேக் போட்டதில் எழுந்த புழுதி லப்பைக்குடிக்காட்டுக் கடைகளில் போய் இறங்கியது. புழுதி அடங்கியதும் பார்த்தால், அது சிங்காரவேலுவின் சொந்த லாரி. ஓட்டிவந்தவன் அங்கமுத்து.

“அண்ணி, நவுருங்க. லோடு இருக்கு.”

“அங்கமுத்து, இன்ஜின அணை.”

“அணைச்சா மொதலாளி திட்டுவாரு அண்ணி.”

“அணைக்கலன்னா நான் திட்டுவேன்.”

அங்கமுத்து இரண்டையும் மனசுக்குள் எடை போட்டான். இன்ஜினை அணைத்தான்.

லாரி நின்ற பிறகுதான் பெஞ்சுகள் ரோட்டுக்கு வந்தன. இளவரசன் அதிகாரியின் நாற்காலியையும் தூக்கிவந்து லாரியின் மூக்குக்கு நேரே போட்டான்.

“உக்காருங்க சார்” என்றாள் மணிமொழி. “நீங்க கேக்கணும்னுதான் இவ்வளவும்.”

“டீச்சர், இது சாலை மறியல். வேல போயிடும்.”

“மறியல்னா கோஷம் போடுவாங்க. இங்க தமிழ் பீரியடு நடக்குது. சத்தம் போடாம உக்காருங்க.”

தமிழழகன் உட்கார்ந்தார். எதற்கு உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் குரலுக்கு அவருக்கு முன்னால் பல தலைமுறை உட்கார்ந்திருக்கிறது.

“ஆர்த்தி, வாசி.”

ஆர்த்தி எழுந்தாள். விரலை வரியில் வைத்தாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. முதல் பத்தி கம்மலாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் ஏறியது. “கிணற்றில் விழுந்த குட்டி நீரில்...” என்று சொல்லி நிறுத்தினாள்.

உதடு ஆடியது. குரல் வரவில்லை. அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மணிமொழி குடைக்கம்பியைப் பிடித்த பிடியில் அது வளைந்தது.

மேலே லாரி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்த அங்கமுத்து குனிந்தான்.

“பாப்பா, நீருல என்னா ஆச்சு?”

ஆர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு லாரி தன்னைக் கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை. அதன் இன்ஜின் ஓடவில்லை. ஜன்னல் கம்பி எதுவும் அதிரவில்லை. விரலை எடுத்து அந்த வரியின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

“கிணற்றில் விழுந்த குட்டி நீரில் தத்தளித்தது.”

பின்னால் இருந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அங்கமுத்து கதவைத் திறந்து குதித்தான்.

“டேய், அணைடா. குட்டி கெணத்துல கெடக்குது, ஒனக்கு ஹாரனு கேக்குது.”

இரண்டாவது லாரி அணைந்தது. அந்த டிரைவர் இறங்கிவந்து பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டே மூன்றாவது லாரிக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினான். சேதி லாரி லாரியாகப் பின்னால் போனது. இன்ஜின்கள் ஒன்றொன்றாக அணைந்துகொண்டே போயின. நடுவரிசைக்குச் சேர்ந்தபோது கிணற்றில் விழுந்தது மாடாகியிருந்தது. வாலுக்குப் போனபோது மாட்டைக் காப்பாற்றப் போன பெரிய அதிகாரி ஒருவரும் உள்ளே விழுந்திருந்தார். அங்கே ஒருவன் கயிறே கொடுத்தனுப்பினான்.

ஆர்த்தி வாசித்தாள். தாய் ஆடு கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. புல் அறுக்க வந்த பெண் சத்தம் கேட்டு ஓடிவந்தாள், கயிற்றில் கூடையைக் கட்டி உள்ளே இறக்கினாள், குட்டி கூடைக்குள் ஏறியது. கூடை மேலே வர வர ஆர்த்தியின் குரலும் மேலே வந்தது. கடைசி வரி வந்தபோது வேப்பமரத்து இலைகள் திரும்பி நின்று கேட்டன.

“மேலே வந்த குட்டி துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடியது.”

“அப்படிச் சொல்லு” என்றான் அங்கமுத்து. “கெணத்துலேருந்து தானா துள்ளுச்சுன்னா யாரு நம்புவா.”

தமிழழகன் பேனாவை மூடிப் பைக்குள் சொருகினார். யாரையும் பார்க்காமல் குருமூர்த்தியிடம் சொன்னார்.

“அந்தக் கட்டத் திருப்பி அனுப்பிடுங்க.”

“அது போதாது சார்” என்றாள் மணிமொழி. அவள் கோபம் இன்னும் பாதிகூட இறங்கவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு?”

“லாரி என் துறை இல்லம்மா.”

பதில் அங்கமுத்துவிடமிருந்து வந்தது. “அண்ணி, பத்து மணிக்கு இங்க தாண்டிப் போயித்தான் நாங்க எல்லாம் வளைவுல டீ குடிக்க நிப்போம். இனிமே இங்க இன்ஜின அணைச்சுட்டுக் குடிச்சுக்கறோம். நீங்க கொடைய மடக்குங்க, பயமா இருக்கு.”

சிங்காரவேலு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து லாரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து அவர் ஆராய்ச்சி ஆரம்பமானது. முதலில், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். அப்புறம், ரயில்வே கேட் போட்டிருப்பார்கள் என்றார். அந்த ரோட்டில் கேட்டே கிடையாது. ஏதோ மந்திரி வந்திருப்பார் என்றார். நடந்ததைச் சொன்ன டிரைவர்களை எல்லாம், “நீங்க அண்ணிக்கு பயந்து பேசறீங்கடா” என்று ஒதுக்கினார். வீட்டில் மணிமொழி ஒன்றும் பேசவில்லை. ரசம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு நாள், பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, அங்கமுத்துவின் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் லாரி நின்றது. இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்தவையும் வரிசையாக அணைந்தன. “எடுடா வண்டிய” என்றார். அங்கமுத்து டீ கிளாஸை எடுத்தான்.

வகுப்புக்குள் மணிமொழி சாக்பீஸோடு நின்றிருந்தாள். ஆர்த்தி வேறொரு பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். சாக்கு எடுத்த ஜன்னலில் லாரியும், லாரிக்குள் கடுகடுவென்று கணவரின் முகமும் தெரிந்தன. அவருடைய போன் அடித்தது. இத்தனை வருஷத்தில் ரோட்டில் யார் பேசியும் அந்த வகுப்புக்குள் கேட்டதில்லை. அன்றைக்கு, அவர் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதுகூட ஒவ்வொரு சொல்லாக உள்ளே வந்தது. லோடு ஏன் வரவில்லை என்று ஆலையிலிருந்து கேட்கிறார்கள்.

“ரயில்வே கேட்டும் இல்லீங்க, மந்திரியும் இல்லீங்க... வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு...”

அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். சிங்காரவேலு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். மணிமொழியும் பார்த்தாள். ஆர்த்தி ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு விரலை இறக்கினாள்.

“புள்ளைங்க வாசிக்குதுங்க, அதான் நிக்கறோம்” என்றார் சிங்காரவேலு. “ஆமாங்க, அன்னிக்கும் இதுக்குத்தான் நின்னுச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, உள்ள கேக்குது.”